ஒன்பதாம் வெர்ஷன்

கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. பழசு எதுவும் வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று எல்லாக் கணினியிலும் பழைய ஒன்பதாம் வெர்ஷன் கம்பைலரை நீக்கிப் புதிதை ஏற்றினேன். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றித் தருவது கம்பைலர்தான். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள், ஒரு கணினியையும் தொடவில்லை.

மறுவாரம் ஆய்வு மாணவி ஜான்சி வந்து நின்றாள். கடலோரக் கிள்ளை ஊர்ப் பக்கம் உப்புநீர் எவ்வளவு தூரம் நிலத்துக்குள் ஏறுகிறது என்று கணக்கிடுவது அவள் ஆய்வு. அதற்கான மென்பொருளை மூல நிரலிலிருந்து உருவாக்கப் பார்த்தாள். புதுக் கம்பைலர் இருநூறு பிழைகள் காட்டியது.

"குறிப்புல ஒன்பதாம் வெர்ஷன் கம்பைலர்தான் வேணும்னு போட்டிருக்கு சார்."

"பழசுலதான் ஓடும்னா அது ப்ரோகிராமே இல்லம்மா. ஒன் தப்ப கம்பைலர் மேல போடாத. போய்த் திருத்திக்கிட்டு வா."

சுற்றிலும் முப்பது மாணவர்கள். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்று வாரம் வரிவரியாகத் திருத்திப் பார்த்தாள். ஒன்று போனால் இன்னொன்று முளைத்தது. ஆய்வுக் குழுவின் முன் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பைப் பிடுங்கி இன்னொரு ஆய்வு மாணவன் எழிலனிடம் கொடுத்தார். ஜான்சி கடலூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழிலன் அதே கோப்புறையோடு வந்தான். "ஒன்பதாம் வெர்ஷன் போட்டுத் தர்றீங்களா சார்?" என்றான்.

உடனே போட்டுக் கொடுத்தேன். நான்கு நிமிடத்தில் மென்பொருள் ஓடியது. பேராசிரியர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்டதையேதான் அவனும் கேட்டான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். கடலூரில் அவள் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்காத குரலில், "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிடு" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

ஜான்சி சத்தம் போடவில்லை.

"திட்டறப்ப முப்பது பேர் இருந்தாங்க சார். மன்னிப்பு கேக்க மட்டும் ஏன் கடலூர் வரைக்கும் வந்தீங்க?"

கடலூரில் என்னை யாருக்கும் தெரியாது. அதனால்தான் வந்தேன்.