கூப்பிடு தூரம்

அவளுக்குப் பேச்சு வராது என்று தெருவே சொல்லும். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. நாள் முழுக்கத் தலை குனிந்திருந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. மாமியாரே ஒருமுறை, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுவிட்டாள். ஆனால் பேனாவை எடுத்தால் அவள் வேறு பிறவி.

கணவன் தூரத்துக் கப்பல் பட்டறையில் வெல்டர். இரும்புத் தகட்டை அடிக்கிற சத்தத்தில் அவன் காது பாதி போயிருந்தது. போனில் பேசினால் "ஆங்? ஆங்?" என்பதிலேயே நேரம் ஓடிவிடும். தட்டி அனுப்பும் செய்தியோ "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதைத் தாண்டவில்லை. ஆகவே கடிதம். ஞாயிறு மத்தியானம் எழுத உட்கார்ந்தாள் என்றால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கடைக்கு வந்த ஒருவர் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பவர் தப்பு என்று சண்டை போட்டதை மூன்று பக்கம் எழுதுவாள். மாமியாரைக் கிண்டல் செய்வாள். நேரில் ‘என்னங்க’வுக்கு மேல் ஒரு சொல் சொல்லாதவள், கடிதத்தில் அவனை ‘என் செவிட்டு மகாராஜாவே’ என்பாள்! எழுதி முடித்து உறையை ஒட்டும்போது அவளுக்கே அவளைப் பிடித்திருக்கும். அந்தச் சந்தோஷம் வேறு எதிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அவனும் பதில் எழுதினான்: ‘உன் கடிதம் வந்த அன்று வேலையின் அலுப்பே தெரிவதில்லை. எப்போது உன்னோடு வந்து இருப்பேன் என்றிருக்கிறது.’ இந்த வரியை நம்பித்தான் அவள் பத்துப் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டினாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, ‘சம்பாதித்தது போதும், வந்துவிடுங்கள்’ என்று எழுதினாள். வந்துவிட்டான்.

வந்த பிறகல்லவா தெரிந்தது கூத்து! காது இன்னும் மோசமாகியிருந்தது. காதில் மாட்டும் மிஷினை வாங்கித் தந்தாள். "தலைக்குள்ள பட்டறை ஓடுது" என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டான். எதைச் சொன்னாலும் கத்த வேண்டும். தண்ணீர் வந்துவிட்டது என்று கத்தலாம். உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கணும் போல இருக்கு என்பதை எந்தப் பெண்பிள்ளை தொண்டை கிழியக் கத்துவாள்? ஆனாலும் ஒருநாள் துணிந்து கடைக் கதை ஒன்றை ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு! கண்ணாடியைக் காணோம்னு!"

"ஆங்?"

"கண்ணாடி! அவர் தலைமேலயே இருக்கு!"

"யாரு தலைமேல?"

மூன்றாம் முறை கத்தியபோது எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அவருக்குப் பதிலா நான் சிரிச்சுடட்டுமா?" என்றாள். மறுநாளிலிருந்து தெருவில் அவளுக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தால், அவன் பழைய கடிதங்களைப் பரப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். டீயை நீட்டினால் நிமிராமல் வாங்குவான். அந்தக் கடிதக்காரி மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சக்களத்தி மேல்கூட அப்படி வராது. தான் எழுதியதைப் பார்த்துத் தானே வயிறெரிவது, சே, என்ன பிழைப்பு இது!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்தாள். ‘நான் பக்கத்திலேயே இருக்கிறேன், நீங்கள் காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அந்த மிஷினை மாட்டிக்கொள்ளுங்கள். நான் உங்களிடம் மெதுவாகப் பேச வேண்டும். எழுதினவள் நான்தான், என்னைப் பாருங்கள்.’ மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். முகமெல்லாம் பல்லாக வாங்கினான். படித்து முடித்தபோது முகம் தொங்கிவிட்டது.

"முன்ன மாதிரி இல்ல," என்றான். "அதுல ஒரு குறும்பு இருக்கும்."

அடுத்த வாரமே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தான். பட்டறையில் மறுபடி கூப்பிடுகிறார்களாம்.

"எதுக்குப் போகணும்? இங்க என்ன குறை?" என்று கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததை அவள் சட்டை செய்யவில்லை. அதிசயமாக, அவனுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது.

"ஒரு குறையும் இல்ல," என்றான் சாந்தமாக. "அங்க போனா நீ எழுதுவல்ல?"

போய்விட்டான். கடிதக் கட்டை எடுத்துக்கொண்டான். மிஷின் அலமாரியிலேயே கிடந்தது. இனி ஒரு வரி எழுதினால் என்னை என்னவென்று கேள் என்று தனக்குத்தானே சவால் விட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கியே கழித்தாள். கடைசியில் அவனிடமிருந்து வந்தது: ‘கடிதமே காணோமே? எப்போது உன்னோடு வந்து இருப்பேன் என்றிருக்கிறது.’

அதைச் சுக்குநூறாகக் கிழித்தாள். ‘நலம்’ என்று ஒற்றைச் சொல் எழுதி அவன் மூஞ்சியில் அடிப்பது போல் அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தாள். ‘நலம்’ என்று எழுதினாள். அவன் போன மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்து, தெருவில் சத்தமே இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றாளே, அதையும் எழுதினாள். எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் பக்கம் திரும்பியபோது பால் பொங்கி அடுப்பு அணைந்தது. எழுந்துபோய் கேஸை மூடிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. அது எழுதிக்கொண்டே இருந்தது.