இருநூற்றைம்பது வாட்

நல்லரத்தினத்துக்குச் சந்தேகம் பிறவிக் குணம். மீன்காரன் தராசைத் தூக்கினால் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்குக் கேட்ட சாமான் கேட்டபடியே கையில் வந்து விழுந்தால் நித்திரை வருமா?

மட்டக்களப்பு நகரில் அலங்கார மீன் விற்கும் கடை அவருடையது. பாசிக்குடாக் கடலிலிருந்து வந்த உயிருள்ள பவள முருகைக்கற்களை முன்தொட்டியில் வளர்த்தார். கடைக்கு ஆள் வருவதே அவற்றைப் பார்க்கத்தான். ரியூப் லைற் வெளிச்சம் போதாமல் அவை ஒவ்வொன்றாக வெளிறிக்கொண்டிருந்தன. இரண்டடி ஆழத் தொட்டிக்கு நூற்றைம்பது வாட் மெற்றல் ஹேலைட் விளக்கின் வெளிச்சம் அடிவரை எட்டாது, நானூறு போட்டால் தண்ணீர் கொதிக்கும். இருநூற்றைம்பதுதான் சரி, அதுவும் நீலம் கலந்த வெள்ளை என்று புத்தகம் பார்த்து முடிவுசெய்திருந்தார். ஆனால் சோதனைச் சாவடி தாண்டி ஒரு பற்றரி கொண்டுவரவே நாக்குத் தள்ளுகிற சண்டைக்காலத்தில் அந்த விளக்குக்கு எங்கே போவது?

பழைய சாமான் வியாபாரி ஏறாவூர்ப் பக்கீர், சொல்லிவைத்த மூன்றாம் நாளே அதே இருநூற்றைம்பதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கட்டாரிலிருக்கிற மச்சான் அனுப்பியதாம். கூட்டிலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. நல்லரத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் இவ்வளவு பெரிய விளக்கு இராணுவ முகாம் வேலியை விட்டால் வேறெங்கே இருக்கிறது? கழற்றிக்கொண்டு வந்துவிட்டான் படுபாவி! பிடிபட்டால் உள்ளே போவது யார்?

மனைவி சின்னத்தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். "கல்லெல்லாம் சாகுது. கொழுவித்தான் பாருங்களன்," என்றாள். அவர் விளக்கைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மறுநாள் பொழுதுபடுகிற நேரம் சைக்கிளை எடுத்தார்.

வாவிக்கரை முகாமின் வேலி விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. எட்டு, ஒன்பது, பத்து என்று விரலை நீட்டி எண்ணினார். பன்னிரண்டு கம்பம், பன்னிரண்டு விளக்கு. எல்லாமே தெருவிளக்கு மாதிரிச் செம்மஞ்சள். வெள்ளையாக எரியும் மெற்றல் ஹேலைட் ஒன்றுகூட அங்கே கிடையாது. அட, பாவம் பக்கீர்! வெட்கமும் சந்தோசமுமாக, நாளைக்கே அவனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. துவக்கோடு இரண்டு சிப்பாய்கள் ஓடிவந்து அவரை உள்ளே கொண்டுபோய் இருத்தினார்கள். அதிகாரி ஒரே கேள்வியைத்தான் கொச்சைத் தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"லைட் எண்ணினது யாருக்கு?"

முருகைக்கல், வாட், நீல வெளிச்சம் என்று நல்லரத்தினம் சொன்னதெல்லாம் அவரது சொந்தக் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். அந்த ஜீப்பில் ஏறியவர்கள் வீடு திரும்பியதாக யாரும் சொன்னதில்லை. பக்கீர் களவெடுக்கவில்லை என்பதை நல்லரத்தினம் சற்றுமுன்தான் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"சேர், ஏறாவூர்ப் பக்கீர் எண்டவன் ஒரு லைற் தந்தவன். இஞ்ச களவெடுத்ததோ எண்டுதான் பாக்க வந்தனான்."

அதிகாரி பேனாவைத் திறந்து பெயரை எழுதினார். பிறகு, போகலாம் என்று கையைக் காட்டினார். எழுந்த நல்லரத்தினம் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அவன் இருக்கிறது சந்தைக்குப் பின்னால மூண்டாவது வளவு, சேர்," என்றார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.