வெறும் தண்ணீரில் ஒரு கட்டம்

காரங்காட்டுப் படகுத்துறையில் கேமராவைப் பார்த்துக்கொள்வது சஃபீரின் வேலை. அசைகிற எதையும் அந்தக் கேமரா விடாது. படகானாலும் நாயானாலும் திரையில் சிவப்புக் கட்டம் போட்டுக் கூடவே போகும். அசையாமல் கிடப்பதைச் சில நாளில் கரையோடு சேர்த்துவிட்டு, கட்டத்தை எடுத்துவிடும்.

மீனவர் எட்வர்டின் வள்ளம் இன்ஜின் பழுதாகிக் கட்டிக்கிடந்த நாளெல்லாம் கேமரா அதையும் கரையென்றே நம்பியிருந்தது. பழுது நீங்கி அவர் கடலுக்குப் போன அன்று, வள்ளம் கிடந்த வெறும் தண்ணீரைப் புதிதாக வந்த ஏதோ என்று எண்ணிக் கட்டம் போட்டது. வள்ளம் திரும்பவில்லை. எட்வர்டும் திரும்பவில்லை.

அவர் மனைவி பிரெசில்லா கேமரா அறைக்கு வந்து திரையைப் பார்த்தாள். "அங்கன என்னமோ இருக்குன்னு காட்டுதே தம்பி?"

உண்மையைச் சொல்ல சஃபீருக்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்று சொல்லித் தொலைத்தான். அதோடு விட்டானா, பாவி? சில நாளில் கட்டம் மறைந்துவிடுமே, அப்புறம் இவள் என்ன ஆவாளோ என்று பயந்து, அந்த ஒரு மூலையை மட்டும் கேமரா கரையோடு சேர்த்துக்கொள்ளாதபடி நிறுத்திவைத்தான்.

கடல் கொண்டுபோனவனுக்குச் சர்ச்சில் இறந்தோர் பூசை வைக்கும்வரை அவன் வள்ளம் கட்டிய இடத்தில் அந்த ஊரில் வேறு யாரும் கட்டமாட்டார்கள். அதனால் அந்த இடம் வெறுமனே கிடந்தது. பூசைக்குப் பிரெசில்லா ஒத்துக்கொள்ளவில்லை. "கேமராவே இருக்காருன்னு சொல்லுது, பூசை யாருக்கு?" என்று எட்வர்டின் தம்பி ஆன்டனி ராஜிடம் சண்டை போட்டாள். நாள்கணக்கில், ராப்பகலாக, அந்த இடத்துக்கு எதிரே ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தாள். சோறு தண்ணி இறங்கவில்லை. ஆள் துரும்பாகிவிட்டாள்.

ஆன்டனி ராஜ் வந்து சஃபீரைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, இப்பிடியே இருந்தா மதினி செத்துரும். நீ சொன்னாத்தான் கேக்கும். மிஷின் கோளாறுன்னு சொல்லிருலே."

சஃபீர் திரையைப் பார்த்தான். வெறும் தண்ணீரில் கட்டம் அப்படியே இருந்தது. கல்லில் இருந்த பிரெசில்லாவைச் சுற்றிக் கட்டம் இல்லை. எழுந்து ஓடினான்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. அங்கன ஒண்ணுமில்ல. மிஷினு தப்பாக் காட்டுது. நீங்க ஆடாம அசையாம இருக்கவும், இப்ப உங்களையே ஆளாக் காட்டமாட்டேங்குது. எந்திரிங்கக்கா, வீட்டுக்குப் போவோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகம் தெளிந்திருந்தது.

"அப்ப அவரு இருக்காரு. நாந்தான் இல்ல," என்றாள். "ஆன்டனிகிட்டச் சொல்லு தம்பி. பூசைய எனக்கு வைக்கட்டும்."