முதல் ஊசி

விடிந்ததும் சகாய ஆண்டனி மகள் ஜெனிஷாவின் சிறுநீரில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். கலங்கினால் புரதம் போகிறது என்று அர்த்தம். அன்றும் பால் போலக் கலங்கியது.

தாய் தகப்பன் வழியாக வந்த மரபணுப் பிழை. அது சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. சாக்கோட்டை சத்தியப்பிரியாவின் மகன் முத்தரசுக்கும் இதே நோய். சென்னையில் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இரண்டு குடும்பமும் பழகியது.

இப்போது அங்கே ஒரு சோதனைச் சிகிச்சை. சரியான மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றி ஊசியாகப் போடுவார்கள். உடம்பு அந்த வைரஸை ஒரு தடவைதான் உள்ளே விடும். மறுதடவை அடையாளம் கண்டு அழித்துவிடும். முதல் பிள்ளைக்குக் குறைந்த அளவு, ஆபத்து உண்டா என்று பார்க்க. அது போதாமலும் போகலாம். அடுத்த பிள்ளைக்குத்தான் முழு அளவு. யார் முதலில் என்று இரண்டு வீட்டிலும் கேட்டிருந்தார்கள்.

ஆண்டனி பதில் சொல்லாமல் இருந்தார். சத்தியா முந்திக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். இதை மனைவி ரீனாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து செக்காலையில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது சத்தியா வாசலில் நின்றாள். பையன் எப்படி இருக்கிறான் என்று ரீனா கேட்டாள்.

“உப்பில்லாமத்தான் திங்கிறான். ரோசத்துக்கு மட்டும் கொறச்சல் இல்லக்கா.”

ரீனா சிரித்தபடி காபி போட உள்ளே போனாள். சத்தியா ஆண்டனியிடம் திரும்பினாள்.

“நீங்க சயின்ஸ் வாத்தியாரு. மொதல்ல எம்பிள்ளைய அனுப்பவாண்ணே?”

அனுப்பு என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அளவு குறைவு, பலிக்காவிட்டால் மறுபடி போட முடியாது. அவள் பின்வாங்கினால் அந்த இடத்துக்கு யார் போக வேண்டியிருக்கும் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

“டாக்டரம்மா இதெல்லாம் சொல்லிட்டாக,” என்றாள் சத்தியா. “நீங்க சொல்றீகளான்னு பாத்தேன்.”

அவர் தரையைப் பார்த்தார்.

“அவனுக்குக் கிட்னி பாதிக்கு மேல போயிருச்சுண்ணே. முழு அளவு வர்ற வரைக்கும் தாங்காது. நாங்க போறோம். அங்குட்டு எங்களுக்கு ஆள் இல்ல, கூட வாரீகளா?”

வருகிறோம் என்றார். கூடவே ஒரு நிம்மதிப் பெருமூச்சு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் அதை விட்டு முடிக்கட்டும் என்று சத்தியா தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.