வலை பட்டுச் செத்தது

அன்று காலை ஒன்பது மணிக்கு மீன் அறையில் இருந்தவர்கள்: ஆய்வக உதவியாளர் ஐலீன், மேலாளர் பிரெட்ரிக், குளுவாங் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த ராஜசேகரன். தொட்டிக்குப் பத்தாக ஐந்து தொட்டிகளில் ஐம்பது திலாப்பியாக் குஞ்சுகள். அவற்றில் பதினொன்று செத்துக் கிடந்தன.

இரும்புச் சாமான்களைக் கழுவும் புதிய திரவத்துக்கான சோதனை அது. முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். மற்ற நான்கிலும் திரவம் படிப்படியாகக் கூடியிருந்தது. நான்கு நாளில் எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் கழிவை ஆற்றில் விட அனுமதி கிடைக்கும். இது மூன்றாம் நாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தொட்டிக்கு மாற்றும்போது வலை உரசிச் சில குஞ்சுகள் முதல் மணி நேரத்திலேயே சாகும். பதிலுக்கு வேறு மீன் போடலாம். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நாளடைவில் மூன்று நாளாக நீண்டுவிட்டது. எது செத்தாலும் 'வலை பட்டுச் செத்தது' என்று எழுதிவிட்டு, மாற்று மீன்கள் வைத்திருக்கும் மூலைத் தொட்டியிலிருந்து உயிர்மீனை எடுத்துப் போடுவார்கள். ஐலீனும் ஆறு வருடமாகப் போட்டவள்தான். கை கூசியதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து பாலோ ஊருக்குப் போனாள். அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் அங்கே ஆற்றில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பவன். கூண்டு காலியாகக் கிடந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஒரு பட்டறை வந்த ஆறாம் மாதம் எல்லாம் செத்து மிதந்ததாம். கழிவைச் சோதனை பண்ணித்தான் விட்டார்களாம். அந்தச் சோதனைத் தாளில் இருந்தது தன் கையெழுத்து என்று அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அனுமதிக் கோப்பு போயாக வேண்டும் என்றார் ராஜசேகரன். பிரெட்ரிக் வலையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மாத்திடு லா, ஐலீன். புதுசா என்ன?"

"அஞ்சு தொட்டிக்கும் ஒரே வலைலதான் சார் போட்டேன். வெறும் தண்ணில ஒண்ணுகூட சாகல. வலை என்ன, தொட்டி பாத்தா கொல்லுது?"

ராஜசேகரன் சிரித்தார். "அலமாக், பதினோரு மீனுக்கு இவ்ளோ பேச்சா? பாசார்ல வாங்கித் தரேம்மா."

"இங்க எண்ணாம விடுற பதினொண்ணுதான் சார் ஆத்துல ஆயிரமா மிதக்குது. செத்தத மறைக்கிறவன் அடுத்த சாவுக்குக் கையெழுத்து போடுறான். நான் ஒருவாட்டி போட்டாச்சு. இனி மாட்டேன்."

வேலை போய்விடும் என்றார் பிரெட்ரிக், மெதுவாக. தெரியும் என்றாள். பதிவேட்டில் பதினொன்று என்று எழுதினாள். மாற்றிப் போட ஒன்றும் மிஞ்சாதபடி மூலைத் தொட்டியின் மீன்களையெல்லாம் ஒரு வாளியில் அள்ளி ராஜசேகரன் கையில் கொடுத்தாள்.

பிரெட்ரிக் முதல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தும் நீந்திக்கொண்டிருந்தன. அறைச் சாவியை மேசைமேல் அவள் பக்கமாக வைத்துவிட்டு வெளியேறினார்.

எண்ண இன்னும் ஒரு நாள் இருந்தது. ராஜசேகரன் வாளியோடு வாசலைத் தாண்டியதும், ஐலீன் கதவைச் சாத்தி அந்தச் சாவியால் பூட்டினாள்.