தொண்டையில் நின்ற பனையேறி

சடையப்பன் மீன் பிடிக்கப் போனால் யாரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டார். கூட வருகிறவன் கண் தண்ணீர்மேல் இருக்காது, நம்முடைய பைமேல்தான் இருக்கும் என்று சொல்லுவார். மனுசனை நம்பினால் அரைவயிறு, நம்பாவிட்டால் முழுவயிறு என்று எழுபது வயசு வரைக்கும் ஓட்டியவர்.

மழை விட்டு, செய்யாற்றில் வெள்ளம் வடிந்து, மணலுக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் பிரிந்து ஓடுகிற தை மாசத்தில் அவருக்கு வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். தண்ணீரில் இறங்கிக் குனிந்து, கோரை வேருக்குள்ளேயும் கரையோரப் பொந்துக்குள்ளேயும் இரண்டு கையையும் விட்டுத் தடவுவார். மீன் தட்டுப்படும். அமுக்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

இப்படித் தடவிப் பிடிக்கிறவனுக்கு ஒரு இக்கட்டு வரும். ஒரு கையில் மீன் இருக்கும்போது பெரிசாக இன்னொன்று தட்டினால் முதல் மீனை எங்கே வைப்பது? கரையில் வீசலாம். இல்லையென்றால் வாயில் கடித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து ஆற்றிலும் ஏரியிலும் கைவிட்டவன் எவனும் மீனைக் கடிக்காமல் இருந்ததில்லை. குறுக்கே கடிக்க வேண்டும், அவ்வளவுதான். தலை ஒரு கன்னத்துப் பக்கம், வால் இன்னொரு கன்னத்துப் பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

அன்றைக்குக் காலையில் கரையில் பெஞ்சமின் இருந்தான். காலனிக்காரன், கொத்து வேலைக்குப் போகிறவன். வேலை இல்லாத நாளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடுவான். அவன் பெண்சாதி மலர்க்கொடி மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சமினுக்கும் சடையப்பனுக்கும் ஆகாது. போன மழையில் மதகு வாயில் மீன் விழுவதற்காகச் சடையப்பன் கட்டிவைத்த மூங்கில் பறி விடிந்ததும் பார்த்தால் காலி. ஒரு கெண்டைக்குஞ்சுகூட இல்லை. யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. சடையப்பன் டீக்கடையில் நின்று, "வேற எவன்? அந்த பெஞ்சமின்தான்" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை இல்லை, பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னார். ஊரும் நம்பிவிட்டது. ஊர் எதைத்தான் நம்பாது?

"இன்னா நைனா, இன்னிக்கு ஒண்ணும் மாட்லியா?" என்று பெஞ்சமின் கரையிலிருந்து கேட்டான்.

சடையப்பன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

கோரை வேருக்கு அடியில் ஒரு பனையேறிக் கெண்டை மாட்டியது. விரல் நீளம்தான். ஆனால் பனையேறியில் குட்டிக்குத்தான் முறுக்கு அதிகம். செவுள் மூடியில் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி முள். தண்ணீரை விட்டு எடுத்தாலும் லேசில் சாகாது. காலையில் பிடித்தது சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்.

அதை இடது கையில் அமுக்கிக்கொண்டு வலது கையைப் பொந்துக்குள் விட்டார். உள்ளே விரால். முழங்கை மொத்தத்துக்கு வழவழவென்று அவர் உள்ளங்கையில் உரசியது. ஒற்றைக் கைக்கு அடங்காது. பையோ தூரத்தில் ஒரு வேலிகாத்தான் கிளையில் தொங்கியது. கரையில் வீசலாம். ஆனால் கரையில் பெஞ்சமின். பொறுக்கிக்கொண்டு, நான் பிடித்தது என்று சொல்லமாட்டானா?

பனையேறியை வாயில் வைத்துக் கடித்தார். அவசரத்தில் குறுக்கே வைக்கவில்லை. தலை உள்ளே போய்விட்டது.

விராலைப் பிடிக்க ஒரு எட்டு முன்னால் வைத்தார். காலுக்கு அடியில் தரை இல்லை. மணல் அள்ளினவன் விட்டுவிட்டுப் போன குழி. கழுத்து வரைக்கும் தண்ணீர் திடுமென்று ஏறியதும் மனுசன் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். ஹா என்று வாயைத் திறந்தார்.

மீன் பின்னால் நீந்தாது. முன்னால் இருட்டு இருந்தது, ஈரம் இருந்தது. ஒரே உதறலில் போய்விட்டது.

குழியிலிருந்து எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கோரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமப் பார்த்தார், இருமல் வரவில்லை. கத்தப் பார்த்தார், சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் மீனுக்கும் சதைக்கும் நடுவே எங்கேயோ ஒரு சந்து கண்டுபிடித்து, ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி கீச்சென்று போய்வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. விழுங்கப் பார்த்தபோது அது உள்ளே அசைந்தது. தனக்குள்ளே தன்னுடையது அல்லாத ஒன்று உயிரோடு அசைகிறது என்று தெரிந்தபோது அவருக்கு ஆற்றுத் தண்ணீரிலேயே மூத்திரம் போய்விட்டது.

கையை ஆட்டினார்.

பெஞ்சமின் சிரித்தான். "இன்னா நைனா, காலங்காத்தாலயே டான்ஸ் ஆடிக்கினு கீறே? பெரிய மீனா?"

மலர்க்கொடிதான் மேட்டிலிருந்து கத்தினாள். "யோவ், சிரிக்காத! அவர் மூஞ்சப் பாருய்யா. மூஞ்சியே சரியில்ல!"

தூண்டிலைப் போட்டுவிட்டுப் பெஞ்சமின் தண்ணீரில் ஓடிவந்தான். சடையப்பனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். உள்நாக்குக்குப் பக்கத்தில் வால் மட்டும் தெரிந்தது. துடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ ஏசுவே! மீன முழுங்கிட்டு கீறாரு மே! இரு நைனா, இஸ்துடறேன்."

வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவன் விரலை உள்ளே விட்டு வாலைப் பிடித்து இழுத்தான். பனையேறியைப் பின்னால் இழுத்தால் செவுள் முள் குடை மாதிரி விரியும். கையில் மாட்டினாலே எடுக்க முடியாது. தொண்டைக்குள் விரிந்தது. சடையப்பனுக்கு ஆறும் வானமும் வெள்ளையாகிப் போயின. கொல்லுகிறான், பழசை மனசில் வைத்துக்கொண்டு கொல்லுகிறான் என்று தோன்றியது. பல்லை இறுக்கிக் கடித்துவிட்டார்.

பெஞ்சமின் அலறிக்கொண்டு கையை உருவினான். விரலில் ரத்தம். சடையப்பன் வாயிலும் ரத்தம். எது யாருடையது என்று தெரியவில்லை.

"நாயி மாதிரி கடிக்கிறாரு பாரு மே! இவருக்குப் போய் ஒத்தாச பண்ண வந்தேனே!"

"கடிக்காம இன்னா பண்ணுவாரு? முள்ளு மாட்டிக்கினு கீது, நீ பாட்டுக்கு இஸ்தா? வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

பெஞ்சமின் நகரவில்லை. ஈரக் கைலியோடு நின்று பொண்டாட்டியைப் பார்த்தான்.

"போற வழியில போய்ச் சேந்துட்டாருன்னா?"

"வாயக் கழுவு."

"இல்ல மே, யோசன பண்ணு. எனக்கும் இவருக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். வாயெல்லாம் ரத்தம். நாந்தான் எதோ பண்ணிட்டேன்னு சொல்லுவானுங்க. என்ன எவன் நம்புவான்? எவனாச்சும் ஊர்க்காரன் வரட்டும், அவன் இட்டுக்கினு போவட்டும்."

சடையப்பன் கேட்டுக்கொண்டு நின்றார். காது நன்றாகக் கேட்டது. அதுதான் கொடுமை. இவன் போய்விடுவான் என்று நினைத்தார். இவன் இடத்தில் நானிருந்தால் போயிருப்பேன். அந்த நினைப்பு வந்ததும் மீனைவிட அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. ஆற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் வேறே ஆள் இல்லை. மூச்சின் கீச்சுச் சத்தம் இன்னும் மெலிசாகிவிட்டிருந்தது. உள்ளே சதை வீங்குகிறது.

கரை ஏறி மணலில் முட்டிபோட்டார். கும்பிடலாம் என்றுகூட நினைத்தார். கை மேலே எழவில்லை. எழுபது வருசமாக அந்தப் பக்கத்து ஆளைக் கும்பிட்டு அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

மலர்க்கொடி இறங்கி வந்து அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். புருசன் பக்கம் திரும்பவில்லை. "நீ வண்டிய எடுக்கிறியா, இல்ல நானே தள்ளிக்கினு போவட்டா? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

பெஞ்சமின் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஓடினான்.

எக்செல் வண்டியில் பெஞ்சமின் முன்னால், சடையப்பன் நடுவில், மலர்க்கொடி பின்னால். நிமிர்ந்தால் மீன் கீழே இறங்கிவிடும் என்று அவர் தலையை முன்பக்கமாகக் குனியவைத்து, பிடரியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் பெஞ்சமின் முதுகில் ஒழுகின. பாதையில் மேடுபள்ளம் வரும்போதெல்லாம் மீன் உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் மூச்சு நின்று, பிறகு வந்தது. வருமா வராதா என்று காத்திருக்கிற அந்த இடைவெளியில் சடையப்பனுக்குச் சாமி பேர்கூட ஞாபகம் வரவில்லை. இது சாகட்டும், இது செத்துத் தொலையட்டும் என்றுதான் நினைத்தார். அது சாகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊருக்குள் நுழைந்ததும் சொக்கம்மாள் குறுக்கே வந்தாள். சடையப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. குழாயடியில் குடத்தை வைத்தவள், அப்படியே நடுரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"டேய், நிறுத்துடா! எங்கடா இட்டுக்கினு போறீங்க எங்க மாமாவ? வாயில இன்னா ரத்தம்? அவ எதுக்குக் கழுத்தப் புடிச்சி அமுக்கிக்கினு கீறா?"

"மீனு மாட்டிக்கினு கீது சொக்கம்மா, தொண்டையில. வழிய உடு."

"மீனா? யார்கிட்ட கத உட்றே?"

டீக்கடையிலிருந்து பெருமாளும் இன்னும் சிலரும் வந்தார்கள். பெருமாள் வண்டிச் சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டான். ஊருக்குத் தலையாரி என்று நினைப்பு அவனுக்கு. "நாங்க பாத்துக்கறோம். அவர எறக்கு. ஆத்துல இன்னாடா ஆச்சு? அடிச்சியா?"

"ஐயோ, வாயத் தொறந்து பாருண்ணா!"

"உன் பேச்சக் கேக்கறதா? பறியில மீன் திருடுனவன் தானே நீ?"

அந்த வார்த்தையைச் சடையப்பன் கேட்டார். அது அவருடைய சொந்த வார்த்தை. டீக்கடையில் அவரே போட்டது. இப்போது நடுரோட்டில் நின்று வண்டியை மறிக்கிறது. இல்லை என்று சொல்ல வாய் இல்லை. ஆள் ஆளுக்கு அவர் தோளைப் பிடித்து இறக்கப் பார்த்தார்கள். ஒருத்தன் தலையை நிமிர்த்தினான். மீன் ஒரு நூல் கீழே இறங்கியது. மூச்சு நின்றது.

இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறந்தது. எங்கிருந்து தெம்பு வந்ததோ, சடையப்பன் தலையை மறுபடி கீழே சாய்த்து, பெஞ்சமினின் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிக் கட்டிக்கொண்டார். அவர்கள் இழுத்தார்கள். அவர் விடவில்லை. மரத்தில் ஒட்டிய பல்லி மாதிரி அவன் முதுகில் கன்னத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டார். குனிந்ததில் சந்து மறுபடி திறந்து கீச்சென்று மூச்சு வந்தது. பிடித்தபடியே ஒரு காலைத் தூக்கிப் பெருமாளை உதைத்தார்.

உதைபட்டவன் நாலடி தள்ளிப் போய், "இன்னா மாமா!" என்றான்.

சொக்கம்மாள் அப்போதுதான் குனிந்து அவர் வாயைப் பார்த்தாள். வால் துடித்தது. "அடியாத்தே!" என்று பின்னால் சாய்ந்தாள். "சாவியக் குடுடா பெருமாளு, சாவியக் குடு! மீனுதான்டா!"

உத்திரமேரூர் போய்ச் சேரும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பெஞ்சமின் பேசிக்கொண்டே ஓட்டினான். "கீறியா நைனா? கீறியா? ஒரு தட்டு தட்டு." அவர் விரலால் அவன் வயிற்றில் தட்டுவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பான். மறுபடி தட்டுவார். தட்டுவதற்காகவே மூச்சு விட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இழுத்தீங்களா?" என்று கேட்டார். பெஞ்சமின் கட்டுப்போடாத விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மரத்துப் போகிற மருந்தைத் தொண்டைக்குள் அடித்து, நீளமான இடுக்கியை விட்டு, இரண்டு பக்கத்துச் செவுளையும் சேர்த்து நசுக்கிப் பிடித்து, மெதுவாக, மிகமெதுவாக வெளியே கொண்டுவந்தார்கள். கையையும் காலையும் நாலு பேர் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் பிடித்திருந்தது பெஞ்சமின். இரும்புத் தட்டில் விழுந்த மீன் வாயைத் திறந்து மூடியது. அங்கே நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூச்சு வந்தது. முழு மூச்சு. ஆனாலும் பயம் போகவில்லை. இல்லாத மீன் தொண்டைக்குள் இன்னும் அசைந்தது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். "மரத்தது போயிருக்கும். ஒரு ஸ்பூன் தண்ணி குடுங்க. முழுங்கிட்டார்னா பரவாயில்ல. வெளியே வந்துச்சின்னா உள்ள கிழிஞ்சிருக்கும். செங்கல்பட்டுக்கு எழுதிடறேன்."

மகன் தமிழ்வாணன் ஒரகடம் கம்பெனியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மலர்க்கொடி ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். பெஞ்சமின்தான் ஸ்பூனை எடுத்தான். அவன் கையால் ஒரு சொட்டு எதையும் சடையப்பன் இதுவரைக்கும் வாங்கிக் குடித்ததில்லை. அதை இரண்டு பேருமே நினைத்தார்கள் போல. ஸ்பூன் வாய்க்கு முன்னால் கொஞ்சம் நின்றது.

சடையப்பன் வாயைத் திறந்தார்.

தண்ணீர் நாக்கில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். மூடினவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பெரிசாக விரிந்தன. கன்னத்துக்குள் தண்ணீர் நின்றது. விழுங்கினால் உள்ளே என்ன ஆகுமோ, மறுபடி அடைத்துக்கொள்ளுமோ, கிழிந்த இடத்தில் இறங்குமோ. கை தானாகப் போய்ப் பெஞ்சமினின் சட்டையைப் பிடித்தது.

"இன்னாத்துக்கு பயப்புட்றே? தண்ணிதான் நைனா."

அவர் தலையை ஆட்டினார். முடியாது.

"சரி, அவசரம் இல்ல. நான் எங்கியும் போவல. இங்கதான் கீறேன். நீ பாட்டுக்கு மெதுவா முழுங்கு."

சடையப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல், முழுங்கினார்.