கடல் என்று குறித்த கட்டம்

மறுபடியும் அதே எண். ரெபேக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஏனுங்க மேடம், இன்னிக்கும் பச்சைன்னு போட்டிருக்கீங்க. நான் விடிஞ்சதுல இருந்து தும்மிக்கிட்டே இருக்கறேன். ஜூஸ் போடறவன் தும்முனா எவன் வாங்கிக் குடிப்பான், நீங்களே சொல்லுங்க."

பழனிக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளி. பிழைப்புக்காக மங்களூர்ப் பக்கம் போய், கடற்கரையில் ஜூஸ் கடை போட்டிருக்கிறார். ரெபேக்கா வேலை பார்ப்பது மைசூரில், ஹெப்பாளில், ஒரு சின்ன வானிலைக் கம்பெனியில். நாளைக்குக் காற்றில் மகரந்தம் எவ்வளவு இருக்கும் என்று அந்தக் கடலோரப் பகுதிக்குக் கணித்துச் சொல்வது அவர்களுடைய ஒப்பந்தம். ஆப்பில் பச்சை வந்தால் பயமில்லை, மஞ்சள் வந்தால் கவனம், சிவப்பு வந்தால் மூக்கும் மூச்சும் பத்திரம். உதவிக்கு அழைக்க வேண்டிய இடத்தில் எந்தப் புண்ணியவானோ அவளுடைய சொந்த எண்ணைப் போட்டுவிட்டான். அந்த எண்ணை விடாமல் பயன்படுத்திய ஒரே மனிதர் பழனி.

"பழனி, காத்து கடல்ல இருந்துதான் வருது. கடல்ல பூவா பூக்குது? தூசியா இருக்கும். ஒரு மாத்திரை போட்டுக்கோங்க."

"மாத்திரை போட்டா தூக்கம் தள்ளுதுங்க. மிக்ஸியில கைய வுட்டுருவேன். நீங்க செவப்புன்னு சொன்னாத்தான் போடறது."

"அப்போ தும்முங்க!" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மிச்சம் இட்லியோடு டப்பாவை அப்படியே பைக்குள் போட்டாள்.

அதற்கப்புறம் அவரிடமிருந்து அழைப்பே இல்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கண் தானாகப் போன் பக்கம் போனது. அதற்கும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் நாள் அதே எண்ணிலிருந்து ஒரு பெண் குரல்.

"நான் கனகா பேசறனுங்க, அவரு சம்சாரம். அவரை ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுங்க. நேத்து பச்சைன்னு பாத்துட்டு மாத்திரை போடாமப் போனாரு. மத்தியானம் மூச்சு வாங்க முடியாம கடையிலயே உக்காந்துட்டாரு. ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க, இப்ப பரவால்லீங்க. மேடத்துக்கிட்ட சொல்லீரு, சொல்லீருன்னு ஒரே நச்சு. அதான் கூப்பிட்டேன்."

அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கனகா, நீங்க இப்போ எங்க இருக்கீங்க?"

"கடையத்தான் பூட்டிக்கிட்டு இருக்கறேன்."

"வீடியோ போடுங்க. கடல் பக்கம் போனைத் திருப்புங்க."

திரையில் மரங்கள்தான் தெரிந்தன. உயரமான, மெல்லிய, வரிசை வரிசையான மரங்கள்.

"கடல் எங்கங்க?"

"இந்தச் சவுக்குத் தோப்புக்கு அந்தாண்டங்க. இப்ப பூத்திருக்குதில்ல, காத்தடிச்சா செம்பொடியாக் கொட்டுது. தெனமும் மேசையைத் துடைச்சே கை ஓஞ்சுபோச்சு."

ரெபேக்கா போனை வைத்துவிட்டு, கணிப்புக்கு அவர்கள் பயன்படுத்தும் வரைபடத்தைத் திறந்தாள். கரை முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பழனியின் கடை இருந்த கட்டத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆகவே முழுக் கட்டத்தையும் கடல் என்று குறித்திருந்தார்கள். தோப்பு, கடை, பழனி எல்லாமே கணக்குப்படி கடலுக்குள். மேற்கிலிருந்து வரும் காற்று சுத்தமான காற்று. ஆகவே பச்சை. இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள்! தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

நேரே, கன்னடம் கலந்து தமிழ் பேசும் மேனேஜர் மெர்வினிடம் போனாள். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமை அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சும்னே டென்ஷன் ஆகாதே, ரெபேக்கா. மேப் க்ளையண்ட் அப்ரூவ் பண்ணது. நாம கை வைக்க முடியாது. அடுத்த மீட்டிங்ல எடுத்து வைக்கலாம்."

"அது எப்போ?"

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள சவுக்கு பூத்து முடிஞ்சிடும், மெர்வின். ஒருத்தர் ஆக்ஸிஜன் வெச்சுட்டுப் படுத்திருக்கார்."

"நம்ம ஆப்பாலதான்னு எப்படிச் சொல்றே? அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கலாம், இல்லையா?"

"ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குத்தானே இந்த ஆப்! இல்லாதவன் எதுக்குப் பார்க்கிறான்?"

மெர்வின் மேசைக் காலண்டரைப் புரட்டினான். "நாளைய அறிக்கையை நான் அனுப்ப மாட்டேன். அந்தக் கட்டத்துக்குப் பச்சைன்னு என் கையால போகாது. நீங்களே அனுப்பிக்கோங்க" என்றாள் அவள். அறிக்கையை எப்படி அனுப்புவது என்று மெர்வினுக்குத் தெரியாது. அது இருவருக்குமே தெரியும்.

கடைசியில் அவன் ஒப்பந்தம் கொடுத்த மங்களூர் அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கிருந்த அதிகாரி குழு, அனுமதி, நடைமுறை என்று அடுக்கிக்கொண்டே போனார். ரெபேக்கா போனைப் பிடுங்கிக் கன்னடத்தில் பேசினாள்: "சார், உங்க ஊர்லதான் இருக்கீங்க. வண்டியை எடுத்துட்டு அந்தக் கடற்கரைக்குப் போங்க. கடல் நடுவுல ஒரு தோப்பு நிக்குதான்னு பாருங்க."

"அது எனக்கே தெரியுமம்மா, நான் வாக்கிங் போற இடம்" என்றார் அதிகாரி. அந்த நொடியில் அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மெயில் வந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் நிலமாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவை குழு கூடிய பிறகு. அவள் மாற்றினாள். மறுநாளுக்குச் சிவப்பு வந்தது. அதற்கு மறுநாளும் சிவப்பு.

அடுத்த வாரம் பழனியே கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது.

"ஏனுங்க மேடம், என்னங்க இது, தெனமும் செவப்பாவே போடறீங்க? பாக்கறப்பவே நெஞ்சு அடைக்குது."

ரெபேக்கா கண்ணை மூடிப் பல்லைக் கடித்தாள். "பழனி, டாக்டர் என்ன கொடுத்திருக்கார்?"

"வாயில அடிக்கிற மருந்துங்க. இதுக்குத் தூக்கம் தள்ளறதில்ல. தெனமும் ரெண்டு வேளை அடிக்கச் சொல்லியிருக்காரு."

"பச்சை, சிவப்பு எதுவா இருந்தாலும் அடிக்கணுமா?"

"ஆமாங்க."

"அடிக்கிறீங்களா?"

பழனி மிக்ஸியை ஓடவிடும் சத்தம் கேட்டது.

"கனகாகிட்ட போனைக் கொடுங்க" என்றாள் ரெபேக்கா.